தசைக்கு மருந்து, மருந்துக்கு அளவு

(கவரைப்பேட்டையில் ஊர்மக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது ஒரு மாத்திரையைப் பற்றி. அதன் பெயர் பைரிடோஸ்டிக்மின். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய்க்கு டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை அது. ஒரு லட்சம் பேரில் பத்து, இருபது பேருக்கு இருக்கிற நோய். இவ்வளவு அபூர்வமான நோய்க்கு ஊரைக் கூட்டிப் பேச வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும் என்றுதான் சொல்வேன். இந்த நோய் உள்ளவர் நலமாக இருப்பது அவர் கையிலும் அவருடைய டாக்டர் கையிலும் மட்டும் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் அவருக்கு ஷிப்ட் போடும் சூப்பர்வைசர், பேதி என்றதும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மெடிக்கல் ஷாப்காரர், வீட்டில் சோறு போடுகிறவர், பல் பிடுங்கும் டாக்டர், பிரசவம் பார்க்கும் நர்ஸ் என்று பலர் கையில் அது இருக்கிறது. ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் போனால் ஆபத்து.

முதலில் நோயை அடையாளம் கண்டுகொள்வோம். "ஒரே வீக்னெஸ்ஸா இருக்கு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் இருக்காது. ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு என்று வேறு காரணம் இருக்கும். அதில் ஆள் முழுவதுமாகக் களைத்துப்போகிறார். மயஸ்தீனியாவில் குறிப்பிட்ட தசைகள் களைக்கின்றன. வேலை செய்யச் செய்யத் தளர்கின்றன, ஓய்வு கொடுத்தால் தெளிகின்றன. காலையில் எழும்போது கண் இமை சரியாக இருக்கும், சாயங்காலம் இமை தொங்கும். வேலை முடிந்து நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது எதிரே வரும் ஒரு லாரி இரண்டாகத் தெரியும். போனில் பேசத் தொடங்கும்போது குரல் கணீரென்று இருக்கும், பேசப் பேச மூக்கால் வரும், பிறகு குழறும். முதல் நாலு கவளம் நன்றாக மெல்லுவார், பாதிச் சாப்பாட்டில் தாடை தளர்ந்து, கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு மெல்லுவார். தண்ணீர் குடித்தால் புரையேறும், சில சமயம் மூக்கு வழியாக வரும். துணி காயப்போடக் கை தூக்க முடியாது. ரயில் நிலையப் படியேறும்போது நடுவில் நின்றுவிடுவார். வலி இருக்காது, மரத்துப்போகாது. அதனால்தான் பார்க்கிறவர்கள் சோம்பேறித்தனம் என்றும் நடிப்பு என்றும் நினைத்துவிடுகிறார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் செய்யும் ஒரு சின்னப் பரிசோதனையைச் சொல்கிறேன். தலையை அசைக்காமல் கூரையையே பார்க்கச் சொல்வார். பத்து, இருபது விநாடி ஒன்றும் தெரியாது. முப்பது தாண்டும்போது ஒரு இமை மெல்ல இறங்கும். நெற்றியைச் சுருக்கி அதைத் தூக்கிப் பிடிக்க நோயாளி பாடுபடுவார். ஒரு நிமிடத்தில் இமை பாதிக் கருவிழியை மூடிவிடும். அப்போது கண்ணை மூடச் சொல்லி, உறையில் கட்டிய ஐஸை இமை மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுப்பார். தொங்கிய இமை மேலே ஏறியிருக்கும். குளிர்ச்சியில் தசைக்கு வரும் செய்தி சற்று அதிக நேரம் தங்குகிறது, அதனால் பலம் திரும்புகிறது. இதே காரணத்தால்தான் சூட்டில் இந்த நோய் மோசமாகும். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கண்ணோடு தொடங்குகிற நோய் என்பதால் பலர் முதலில் கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள். கண்ணாடி மாற்றியும் சரியாகாமல், சத்து ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, மாதங்களை வீணாக்குகிறார்கள். நம் ஊரில் மின்சார ரயில் ஏறினால் மூர் மார்க்கெட் வளாகத்தில் போய் இறங்குகிறோம். ரோட்டைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே நரம்பியல் துறை இருக்கிறது. மாலையில் கூடுகிற தளர்ச்சி, தொங்கும் இமை, இரட்டைப் பார்வை என்று இருந்தால் சுற்றி வளைக்காமல் நரம்பியல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இனி, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இது தெரிந்தால்தான் மாத்திரை எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறலாம் என்பது புரியும். நரம்பு போய்த் தசையை நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் மிக நுண்ணிய இடைவெளி இருக்கிறது. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரந்து, அந்த இடைவெளியைக் கடந்து, தசையின் மேல் உள்ள ஏற்பிகளில் போய்ச் சேர்கிறது. உடனே தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் அங்கேயே இருக்கும் ஒரு நொதி அசிட்டைல்கோலினைச் சிதைத்து அப்புறப்படுத்திவிடும். மயஸ்தீனியாவில் நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே திசை தவறி அந்த ஏற்பிகளைத் தாக்கி அழிக்கிறது. செய்தி வருகிறது, வாங்கிக்கொள்ள ஏற்பிகள் போதவில்லை.

இந்த இடைவெளியில் நடப்பது நம் பகுதி மக்களுக்குப் புதிதல்ல. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால், விடியும்போது இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு திணறும். அந்த விஷம் வேலை செய்வது இதே இடத்தில்தான். கட்டுவிரியன் இனத்தைச் சேர்ந்த ஒரு பாம்பின் விஷத்திலிருந்து தைவான் விஞ்ஞானிகள் 1963-இல் பங்காரோடாக்சின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தசையின் ஏற்பிகளை அது இறுகப் பற்றிக்கொள்ளும். அதைக் கொண்டே அமெரிக்காவில் ஃபேம்பரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி ஆகிய மூவரும் மயஸ்தீனியா நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்பதை 1973-இல் அளந்து காட்டினார்கள். நாம் கண்டு அஞ்சும் விஷமே இந்த நோயின் ரகசியத்தை அவிழ்த்துக் கொடுத்தது.

மருந்து அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1934-இல் லண்டனில் கிரீனிச் பகுதியில் செயின்ட் ஆல்ஃபீஜ் மருத்துவமனையில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர் பணியாற்றினார். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தடவும் கியூராரே நஞ்சு ஏறியவரின் நிலைக்கும் மயஸ்தீனியா நோயாளியின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையை அவர் கவனித்தார். கியூராரேக்கு மாற்று மருந்தான ஃபைசோஸ்டிக்மினைத் தன் நோயாளிக்கு ஊசியாகப் போட்டார். தொங்கிக் கிடந்த இமை எழுந்தது, விழுங்க முடிந்தது, சில மணி நேரத்தில் பழையபடி தளர்ந்தது. பெரிய பதவியோ ஆராய்ச்சிக்கூடமோ இல்லாத ஒரு டாக்டர் கூர்ந்து பார்த்ததால் கிடைத்த வெற்றி இது. அந்த வழியில் வந்ததுதான் 1950களில் புழக்கத்துக்கு வந்த பைரிடோஸ்டிக்மின். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது.

மாத்திரை செய்வது என்ன? அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைச் சில மணி நேரம் அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். வயலில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது வடிமடையை அடைத்து, இருக்கிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறோமே, அதைப் போன்றது. ஏரியில் தண்ணீர் கூடிவிடவில்லை. மடையைத் திறக்காமலே விட்டால் பயிர் அழுகும். இந்த மாத்திரையும் அப்படித்தான். அழிந்த ஏற்பியைத் திரும்பக் கொண்டுவராது, நோயின் வேரைத் தொடாது, அளவு மீறினால் அதுவே கெடுக்கும்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பகுதியில் பார்த்த உதாரணம் இருக்கிறது. பயிருக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தும் இதே நொதியைத்தான் முடக்குகிறது. மாத்திரை முடக்குவது சில மணி நேரம், விடுவித்துவிடும். பூச்சிமருந்து பிடித்த பிடியை எளிதில் விடாது. பூச்சிமருந்து உடம்பில் ஏறியவருக்கு வாயில் எச்சில் வழிவதையும், வியர்த்துக் கொட்டுவதையும், பேதி ஆவதையும், தசை துடிப்பதையும், நாடி மெதுவாவதையும் பார்த்திருப்பீர்கள். பைரிடோஸ்டிக்மின் அளவுக்கு மேல் போனால் தெரியும் அறிகுறிகளும் அதே வரிசைதான். கடைசியில் தசை ஓய்ந்துபோய் மூச்சு முட்டும். பூச்சிமருந்து விஷத்தில், முதல் கண்டத்தைத் தாண்டியவருக்கு ஓரிரு நாள் கழித்துக் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும் நிலையை உலகுக்கு விவரித்தவர்கள் இலங்கையின் சேனநாயக்க, கரல்லியத்த என்ற இரண்டு டாக்டர்கள். ஆண்டு 1987. நரம்பும் தசையும் சந்திக்கும் அந்த இடைவெளியில் அசிட்டைல்கோலின் குறைவதும் ஆபத்து, மிகுவதும் ஆபத்து.

இதிலிருந்து நோயாளி நெஞ்சில் நிறுத்த வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். மாத்திரை குறைந்தாலும் தளர்ச்சி வரும், மிகுந்தாலும் தளர்ச்சி வரும். வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். "இன்னைக்கு ரொம்ப முடியல, ஒண்ணு சேர்த்துப் போட்டுக்கிறேன்" என்று போட்டு, அதனாலேயே இன்னும் தளர்ந்து, மறுபடி ஒன்று போடுகிறவர் தன்னை அறியாமல் ஆபத்தைத் தேடிப் போகிறார். கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. மாத்திரை போட்ட பிறகு எச்சிலும் வியர்வையும் பேதியும் தசைத் துடிப்பும் கூடி, அதோடு தளர்ச்சியும் கூடினால் அடுத்த வேளையைப் போட்டுக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நேரத்துக்கு வருவோம். சாதாரண மாத்திரை பெரும்பாலும் 60 மில்லிகிராம். போட்டு அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். மூன்று முதல் ஆறு மணி நேரம் வரை தாங்கும். ஆகவே ஒரு நாளைக்குப் பல வேளை தேவைப்படுகிறது. எத்தனை வேளை, எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அடுத்த வீட்டுக்காரரின் கணக்கு உங்களுக்கு ஆகாது. சீட்டில் 1-1-1 என்று எழுதியிருந்தால் நாம் காலை, மதியம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என்று படித்துக்கொள்கிறோம். வீட்டில் இருப்பவருக்கே இது முழுக்கப் பொருந்தாது, ஷிப்ட் மாறும் தொழிலாளிக்குத் துளியும் பொருந்தாது. இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிற ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் கேன்டீனில் சாப்பிடுவது ஆறு மணிக்கு. மெல்லவும் விழுங்கவும் சிரமப்படுகிறவர் அவர். சாப்பாடு முடிந்து மாத்திரை போட்டால், சாப்பிடும்போது தாடைக்குப் பலம் இருக்காது, ஏழு மணிக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பலம் வரும். ஐந்தேகால் மணிக்கே இரண்டு பிஸ்கட்டோ அரை டம்ளர் பாலோ எடுத்துக்கொண்டு மாத்திரையைப் போட்டால், ஆறு மணிக்கு மெல்லும் தசை தயாராக இருக்கும். அடுத்த வாரம் இரவு ஷிப்ட் வந்தால் கணக்கு முழுவதும் மாறும். ஆகவே டாக்டரிடம் உங்கள் ஷிப்டைச் சொல்லி, ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனித்தனியாக மணி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் அலாரம் வையுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை நெருங்கிவிட்ட நிலையில் விட்டதை விட்டுவிடுங்கள். ஒருபோதும் இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது. விரதம், நோன்பு இருக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள்.

மாத்திரையை வைத்துக்கொள்வதிலும் கவனம் வேண்டும். ஈரக்காற்று இதற்கு ஆகாது. வந்த டப்பாவிலோ அட்டையிலோதான் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குப் பிரித்து டிபன் பாக்ஸிலோ காகிதப் பொட்டலத்திலோ வைக்காதீர்கள். சாதாரண மாத்திரையைத் தவிர, மெதுவாகக் கரையும் 180 மில்லிகிராம் மாத்திரையும் உண்டு. விழுங்க முடியவில்லை என்று அதைப் பொடித்துவிட்டால், பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், ஏனென்றால் மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாகத்தான். ஆஸ்துமா, இதயத் துடிப்பு மெதுவாக இருப்பது, குடல் அடைப்பு, சிறுநீர் அடைப்பு இருந்தாலும் சொல்ல வேண்டும்.

இந்த மாத்திரை போடுகிற பலருக்கு வயிற்றை முறுக்கும், இரண்டு மூன்று முறை பேதியாகும். இது மருந்தின் வேலையோடு சேர்ந்தே வருவது. கொஞ்சம் உணவோடு போட்டால் குறையும். அப்படியும் தொந்தரவு செய்தால் அதைத் தணிக்கத் தனி மருந்து உண்டு, டாக்டர் எழுதித் தருவார். இங்கேதான் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. இந்தப் பேதியை ஹோட்டல் சாப்பாட்டால் வந்தது என்று நினைத்து நோயாளி மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார். "பேதிக்கு மாத்திரை கொடுங்கண்ணே" என்கிறார். கடைக்காரர் வழக்கப்படி ஆஃப்ளாக்சசின் கலந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார். நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார். ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகிய குடும்பத்து மருந்துகள் மயஸ்தீனியாவை மோசமாக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் இந்தக் குடும்பத்து மருந்துகளுக்குக் கட்டம் போட்ட எச்சரிக்கையாகவே இதைச் சேர்த்தது. கடையில் வாங்கியதை இரண்டு வேளை போட்ட பிறகு அந்த நோயாளிக்கு விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து பைரிடோஸ்டிக்மினைக் கூட்டிப் போடுகிறார். பேதி கூடுகிறது. ஒரு தவறு அடுத்த தவறை இழுத்துக்கொண்டு வருகிறது. இந்தச் சங்கிலியை அறுக்க கடையில் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "எனக்கு மயஸ்தீனியா இருக்கு, இந்த மருந்து ஒத்துக்குமா?"

கவனிக்க வேண்டிய மருந்துகள் இன்னும் இருக்கின்றன. ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகள். சளிக்குத் தாராளமாக வாங்கிப் போடும் அசித்ரோமைசின். படபடப்புக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தரும் ப்ரோப்ரனலால், அடெனலால். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து. கண்ணில் விடும் சொட்டுதானே என்று நினைக்கக் கூடாது, அது ரத்தத்தில் சேரும். குளோரோக்குயின், ஹைட்ராக்சிகுளோரோக்குயின், குயினைன். முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி. கர்ப்பிணிகளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வரும் ஆபத்து இருந்தால் மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள். அது லட்சக்கணக்கான தாய்மார்களைக் காப்பாற்றும் மருந்து, ஆனால் மயஸ்தீனியா உள்ள தாயின் மூச்சை நிறுத்திவிடக்கூடும். ஆகவே கர்ப்பம் தெரிந்த நாளிலேயே அட்டையில் நோயின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பிறந்த குழந்தைக்கும் சில வாரம் தளர்ச்சி இருக்கலாம், பெரிய மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பது நல்லது. அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். "சத்து ஊசி" என்று யாராவது போட வந்தால், உள்ளே என்ன மருந்து என்று பெயர் கேளுங்கள். பெயர் சொல்லாத ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இதைக் கேட்டு எந்த மருந்தையும் தொடக் கூடாது என்று பயந்துவிட வேண்டாம். காய்ச்சலையும் கிருமித் தொற்றையும் கவனிக்காமல் விட்டால் அதுவே மயஸ்தீனியாவை மோசமாக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகளை டாக்டர்கள் பொதுவாக இவர்களுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் சொன்ன பட்டியலில் உள்ள மருந்தே உயிர் காக்கத் தேவைப்படும் நேரமும் வரலாம். அப்போது மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்துக் கொடுப்பார்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் மருந்து பட்டியலில் இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

நோயின் வேரைப் பார்க்க வேறு மருந்துகள் உண்டு. ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, அசதயோப்ரின் போன்ற எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகள். ஸ்டீராய்டு தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் சிலருக்குத் தளர்ச்சி கூடும். முன்கூட்டியே தெரிந்தால் பயப்படாமல் டாக்டரிடம் போகலாம், தெரியாவிட்டால் மருந்தைத் தூக்கி எறிந்துவிடுவோம். சில வாரம் போட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்றால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். அசதயோப்ரின் பலன் காட்டப் பல மாதம் ஆகும், இடையில் ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. நெஞ்சுக்கூட்டில் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். தேவைப்பட்டால் அந்தச் சுரப்பியை எடுத்துவிடுவார்கள். கட்டி இல்லாத நோயாளிகளில் ஒரு சாராருக்கும் அந்த அறுவை சிகிச்சை பலன் தருகிறது என்று 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது, எச்சிலை விழுங்க முடியவில்லை, இருமத் தெம்பில்லை, தலை நிமிர்ந்து நிற்கவில்லை, ஒரே மூச்சில் இருபது வரைகூட எண்ண முடியவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய, ஆக்சிஜன் அளக்கும் விரல் கருவி 97, 98 என்று காட்டுகிறதே என்று நம்பி உட்காராதீர்கள். இந்த நோயில் மூச்சுத் தசை ஓய்ந்துகொண்டிருக்கும்போதும் அந்த எண் கடைசி வரை சரியாகவே இருக்கலாம். போகும்போது மாத்திரை டப்பாவையும் கடைசியாகப் போட்ட நேரத்தையும் கொண்டுபோங்கள். மருந்து குறைந்து வந்த தளர்ச்சியா, மிகுந்து வந்ததா என்று பிரித்தறிய அது டாக்டருக்கு உதவும்.

தொழிலாளர் தோழர்களுக்கு ஒரு செய்தி. வேலை போய்விடும் என்று பயந்து நோயை மறைக்கிறீர்கள். இ.எஸ்.ஐ. திட்டத்தில் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலன் என்று ஒன்று இருக்கிறது. நீண்டகால நோய்கள் 34-ஐப் பட்டியலிட்டிருக்கிறார்கள், அதில் மயஸ்தீனியா கிராவிஸ் பெயரோடு இருக்கிறது. இரண்டு ஆண்டு காப்பீட்டு வேலையும் தேவையான சந்தா நாட்களும் இருந்தால், ஊதியத்தில் 80 சதவீதம் வரை இரண்டு ஆண்டு வரைக்கும் கிடைக்க வழி உண்டு. கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தாலும் உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால் நீங்கள் காப்பீட்டுக்குள் வந்தவர்தான். சூப்பர்வைசர்களிடம் நான் கேட்பது, இந்த நோய் உள்ளவரை உலைப் பக்கத்திலிருந்து மாற்றுங்கள், மாத்திரை போடும் நேரத்தில் ஐந்து நிமிடம் விடுங்கள், உயரத்திலும் ஓடும் இயந்திரத்திலும் நிறுத்தாதீர்கள். சரியான மருந்தும் பொருத்தமான வேலையும் கிடைத்தால் இவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே உழைத்து வாழ முடியும். நடிகர் அமிதாப் பச்சன் 1980களில் இந்த நோய்க்கு ஆளானவர், அதன் பிறகும் பல பத்தாண்டுகளாக நடித்துக்கொண்டிருக்கிறார்.

திருக்குறளில் மருந்து என்ற 95-ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அந்த மருந்தைப் பக்கத்தில் இருந்து கொடுப்பவர். அந்த நாலாவது ஆளாக இருக்க வேண்டியவர்கள் இந்த அவையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மனைவி, மகன், கடைக்காரர், சூப்பர்வைசர், கிராம நர்ஸ் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. உங்களிடம் நான்கு காரியம் கேட்கிறேன். நோயாளியின் ஓ.பி. நோட்டில் முதல் பக்கத்தில் நோயின் பெயர், போடும் மருந்துகள், மணி, தவிர்க்க வேண்டிய மருந்துகள் நான்கையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதை ஒரு போட்டோ எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வையுங்கள். புது மருந்து எது வந்தாலும் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் வாங்காதீர்கள், கடைக்காரர்களே, காட்டினால் படித்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். மருந்தால் கெடுதல் வந்ததாகத் தோன்றினால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், பிறகு 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் தெரிவியுங்கள். நீங்கள் தெரிவித்தால் அடுத்தவருக்கு எச்சரிக்கை கிடைக்கும்.

இனி நீங்கள் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரையைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். ஒவ்வொருவருக்கும் அந்த முதல் பக்கத்தை இங்கேயே உட்கார்ந்து எழுதி முடித்துவிடுவோம்.